காலையில் மட்டும் இழுக்காத டீசல் வண்டி: குளிர் விடுவதற்குள் காரணம் பிடிப்பது எப்படி

"வண்டி கும்முனு இருக்குதுங்களே, இதுல என்னங்க கோளாறு?"

மேட்டுப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் மூன்றாவது முறையாக இதைக் கேட்டுவிட்டு மலையேறித் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மெக்கானிக் சொன்னதில் பொய் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு நீலகிரியின் கேத்தியில் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எல்லநள்ளி மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் என் பிக்கப் முக்கி முனகி உயிரை வாங்கும். இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தாலும் தேர் நகர்கிற வேகம்தான். குன்னூரைத் தாண்டினால் கொஞ்சம் தெளியும். பர்லியாறு வரும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பட்டறை வாசலில் நிற்கும்போது இன்ஜின் நல்ல சூடு, வெளியே வெயில் வேறு. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி வண்டி சிரித்துக்கொண்டு நிற்கும். நான்தான் திருதிருவென்று விழிப்பேன்.

குளிர்ந்த இன்ஜினின் கோளாறுக்கு முதல் பத்து நிமிடம்தான் சாட்சி. அதற்குப் பிறகு எத்தனை ஸ்பேனர் போட்டாலும் ஒன்றும் தெரியாது. ஆகவே சோதனையை உங்கள் வீட்டு வாசலில், இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியில், நீங்களேதான் செய்ய வேண்டியிருக்கும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர், ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பொறுமை மட்டும் நிறைய வேண்டும். ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய வாய்ப்பு முடிந்தது. அடுத்த சோதனைக்கு இன்னொரு இரவு காத்திருக்க வேண்டும்.

குளிரா, மலையா?

கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் புகார்களில் பாதி கோளாறே இல்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத பழைய ஜீப்பும் டிராக்டரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் சக்தியை இழக்கும். நூறு குதிரைத்திறன் இருந்த இடத்தில் எண்பதுகூட இருக்காது. டர்போ உள்ள வண்டி பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் டர்போ விழித்துக்கொள்ள மலையில் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சமவெளிப் பழக்கத்தில் கொண்டை ஊசி வளைவை மூன்றாவது கியரில் எடுத்துவிட்டு "வண்டி செத்துப்போச்சு" என்பவர்களுக்கு மருந்து, ஒரு கியர் குறைப்பதுதான்.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே சீரான ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பாலத்திலிருந்து ஒரு டீக்கடை வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதே சுமை, அதே கியர், அதே இடத்தில் மிதி. எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவரைப் போனில் பார்க்கச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மதியம் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு தடவை. இரண்டும் ஒன்றாக இருந்தால் கோளாறுக்கும் குளிருக்கும் தொடர்பில்லை. ஏர் பில்டர், டர்போ ஹோஸ், கிளட்ச் என்று வேறு பக்கம் தேடுங்கள். காலையில் மட்டும் தொங்கினால் மேலே படியுங்கள். தலைகுந்தா பக்கம் இருப்பவர்கள் உறைபனி நாளில் இந்த ஓட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். ரோடு வழுக்கும்.

"குளிர்காற்றுதான் காரணம்" என்று டீக்கடையில் ஒருவராவது சொல்வார். உண்மை நேர்மாறு. பூஜ்ய டிகிரிக் காற்று முப்பது டிகிரிக் காற்றைவிடச் சுமார் பத்து சதவீதம் அடர்த்தி அதிகம். காற்றைப் பொறுத்தவரை விடியற்காலை இன்ஜினுக்கு நல்ல நேரம். அப்படியும் இழுக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூன்று: டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை, வந்த டீசல் எரியப் போதிய சூடு உள்ளே இல்லை, இன்ஜின் கொடுப்பதை வழியில் வேறு ஏதோ பிடித்து வைக்கிறது. என் வண்டியில் முதலாவது. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் மூன்றாவது. அதைக் கடைசிவரை யாரும் யோசிக்கவே இல்லை.

இன்னொன்று. முதல் ஓரிரு நிமிடம் வண்டி சற்று மந்தமாக இருப்பது இயல்பு. சத்தம் கரகரவென்று கூடுதலாக இருக்கும். புது வண்டிகளில் கம்ப்யூட்டரே குளிர்ந்த இன்ஜினைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். இரண்டு கிலோமீட்டருக்குள் சரியாகிவிட்டால், அதைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

முந்தின இரவு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நீலகிரியில் சமதளத்துக்கு எங்கே போவது என்று கேட்பது காதில் விழுகிறது. கிடைத்த அளவுக்குச் சமமாக நிறுத்தி, முகப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, டேங்கில் டீசல் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். இந்த இரண்டு விவரமும் பின்னால் பெரிதாக உதவும். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கல் அணை கொடுங்கள்.

உங்கள் டேங்கிலிருந்தோ, டீசல் பில்டரின் அடித் திருகிலிருந்தோ கொஞ்சம் டீசல் பிடித்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடி, வண்டிக்குப் பக்கத்திலேயே வெளியில் வையுங்கள். வண்டி அனுபவிக்கிற குளிரை அதுவும் அனுபவிக்கட்டும்.

சாவியைத் திருப்புவதற்கு முன்

எழுந்ததும் முதலில் பாட்டிலைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த மாதிரி கலங்கியிருந்தால், டீசலிலேயே இருக்கும் மெழுகு குளிரில் பிரிய ஆரம்பித்திருக்கிறது. அடியில் முத்து முத்தாகத் தனியே நின்றால் அது தண்ணீர். இந்தியத் தர விதிப்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்கும் டீசல் 6 டிகிரி வரை பில்டரை அடைக்காமல் போக வேண்டும். மற்ற மாதங்களின் டீசலுக்கு அந்த எல்லை 18 டிகிரி. மே மாதம் சமவெளியில் வாங்கிப் பேரலில் வைத்த டீசலை டிசம்பரில் ஊற்றினால் என்ன ஆகும் என்று இதிலேயே தெரிகிறது. தோட்டத்துக்கென்று பேரலில் சேமிப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். பங்கில் வாரம் ஒருமுறை நிரப்புகிற வண்டிக்கு அபூர்வம்.

தண்ணீர் அப்படியில்லை. அது எல்லோருக்கும் வரும். பாதி காலியான டேங்கில் பகலின் ஈரக்காற்று நிற்கிறது. இரவில் டேங்க் குளிர்ந்ததும் அந்த ஈரம் சுவரில் வியர்த்து அடியில் இறங்குகிறது. மாலையிலேயே டேங்கை நிரப்பி வைக்கும் பழைய டிரைவர்களின் வழக்கம் இதற்காகத்தான். இரவெல்லாம் அசையாமல் நின்றதால் பில்டர் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அடித் திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்தால் கலங்கிவிடும். அப்புறம் பார்த்துப் பயனில்லை.

அடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கல்லை எடுத்துவிட்டு, இரண்டு பேராகச் சமதளத்தில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மேலே சொன்ன அண்ணன் டீசல் பில்டரை மாற்றினார், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சர்வீஸ் செய்தார், பம்பையும் கழற்றப் போனார். கடைசியில் பார்த்தால் பின் சக்கரம் ஒன்றில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, இரவு ஈரத்தில் ஷூவும் டிரம்மும் ஒட்டிக்கொண்டு, காலையில் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி, சூடேறி, நாலு தடவை பிரேக் அடித்ததும் விட்டுவிடும். இன்ஜின் பாவம், பிரேக்கை இழுத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறது. இப்படி இருந்தால் தள்ளும்போதே கைக்குத் தெரிந்துவிடும். ஓட்டிய பிறகு சந்தேகம் வந்தால் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தணலாக இருந்தால் அதுதான்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த நேரம் தங்கமான நேரம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க ஸ்டியரிங் பக்கம் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகிப் போனோடு இணைக்கிற சின்னக் கருவியே போதும். சாவியை ஆன் நிலையில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, காட்டுமானால் டீசல் வெப்பநிலை, மூன்றையும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மூன்றும் வெளிக்குளிரை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே 5 டிகிரி இருக்கும்போது கூலன்ட் மட்டும் 50 என்று காட்டினால் அந்த சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி, கம்ப்யூட்டர் ஹீட்டர் பிளக்கையே போடாமல் விட்டுவிடும். டீசலையும் சூடான இன்ஜினுக்கான கணக்கில்தான் கொடுக்கும்.

அதே திரையில் இன்டேக் மேனிஃபோல்டின், அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயின், அழுத்தம் இருக்கும். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். உதகையில் 77, 78 கிலோபாஸ்கல் அளவு வரும். மேட்டுப்பாளையத்தில் 97க்குப் பக்கம். உதகையில் நின்றுகொண்டு 100 என்று காட்டினால் அந்த சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். சமவெளி ஊர்களுக்கென்று எழுதிய குறிப்புகளில் 100தான் சரி என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் முதலில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் மற்ற சோதனை எல்லாம் குழம்பும்.

ஹீட்டர் பிளக்

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தியே பற்றவைக்கும் சூட்டை உண்டாக்குகிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவர் அந்தச் சூட்டைத் தின்றுவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். நான்கு சிலிண்டரில் ஒரு பிளக் போய்விட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் முதல் இரண்டு மூன்று நிமிடம், பட்டறை மொழியில், "மூணுலதான் ஓடும்". சிலிண்டர் சூடானதும் நான்காவதும் சேர்ந்துகொள்ளும்.

காசில்லாத சோதனை: டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, சாவியை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி காத்திருந்து அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த நாள் காலை ஒரே தடவை மட்டும். இரண்டு நாளுக்கும் புகையிலும் நடுக்கத்திலும் பெரிய வித்தியாசம் இருந்தால் பிளக் மேல் சந்தேகம் வையுங்கள்.

மல்டிமீட்டரில் பார்க்க, பிளக்கின் தலையிலுள்ள இணைப்பைக் கழற்றி, தலைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ காட்டும். போனது எண்ணே காட்டாது. எல்லா பிளக்கையும் ஒன்றாக இணைக்கும் பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகக் கலந்து ஏமாற்றும். புதிதாகச் செய்பவர்கள் தவறாமல் செய்யும் பிழை இது. நேரடியாகப் பேட்டரி ஒயரைத் தொட்டு "பளபளக்குதா" என்று பார்க்கும் பழைய பழக்கத்தைப் புது வண்டிகளில் விட்டுவிடுங்கள். அவற்றில் பல பிளக்குகள் 12 வோல்ட்டுக்கு ஆனவையே அல்ல. கழற்றுவதாக இருந்தால் இன்ஜின் சூடாக இருக்கும்போது, மெதுவாக. ஹெட்டுக்குள் முறிந்துபோனால் ஒரு பிளக்கின் விலை ஹெட் வேலையின் விலையாக மாறும்.

முதல் நிமிடப் புகை

ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஊட்டிக் காலையில் எந்த வண்டியும் வெள்ளையாகத்தான் விடும். நம் வாயிலிருந்து வருவது போல அது வெறும் நீராவி. நாலு அடி போவதற்குள் கரைந்துவிடும், வாசனை இருக்காது. எரியாத டீசலின் வெண்புகை கரையாது. தாழ்வாக மிதந்து நிற்கும், கண் எரியும், பச்சை டீசல் நாறும். அப்படி வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் பற்றவில்லை. இதமான தித்திப்பு வாடையோடு, சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் வந்தால், கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்திருக்கலாம். நீலம் ஆயில்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நிமிடத்துக்குள், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். கருவி இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். மூன்றில் சீக்கிரம் காய்ந்து, ஒன்றில் மட்டும் அப்படியே நின்றால் அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. அதன் பிளக் நன்றாக இருந்தால் மிச்சம் நாசிலும் கம்ப்ரஷனும். அந்த ஒரு தகவலோடு போனாலே பட்டறையில் அரைநாள் வேலை மிச்சம்.

பழைய பம்ப் வண்டியில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஐட்லிங்கிலேயே அந்தக் குழாயில் பல நூறு பார் அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் ஊசி போலத் தோலுக்குள் இறங்கும். வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஏர் பிடிப்பது

என் வண்டியின் கதை இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் காலைச் சோம்பலுக்கு நான் பார்த்தவற்றில் இதுதான் அடிக்கடி வருவது.

பல வண்டிகளில் டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பாதையில் எங்காவது சின்னக் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஆகவே கீழே பார்த்து "சொட்டு இல்லை, கசிவு இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. ரப்பர் ஓ-ரிங்கும் பழைய ஹோஸும் குளிரில் விறைத்துச் சுருங்கும். சூடேறினால் இளகி அடைத்துக்கொள்ளும். காலையில் மட்டும் காற்று புகும், பத்து மணிக்கு நின்றுவிடும். ஓட்டுபவருக்குத் தெரிவது இதுதான்: உடனே ஸ்டார்ட் ஆகும், சில விநாடியில் தடுமாறும், ஏற்றத்தில் மிதித்தால் விட்டு விட்டு இழுக்கும். டேங்குக்குள்ளேயே மின் பம்ப் உள்ள வண்டியில் பாதை முழுக்க அழுத்தத்தில் இருக்கும். அதில் கசிவு வெளியேதான் வரும், மூக்கிலேயே தெரியும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முகப்பு எந்தப் பக்கம் என்று எழுதச் சொன்னேனே, அது இங்கேதான் உதவும். முகப்பு மேட்டைப் பார்த்து நின்றால் இன்ஜின் உயரத்தில், டேங்க் பள்ளத்தில். கசிவு இருந்தால் இரவெல்லாம் டீசல் டேங்குக்கே வழிந்து திரும்பிவிடும். ஒரு இரவு அப்படி நிறுத்துங்கள். அடுத்த இரவு டேங்கை நிரப்பி முகப்பைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டாம் நாள் காலை வண்டி கண்ணுக்குத் தெரிந்து நன்றாக இருந்தால் காற்று புகுவது கிட்டத்தட்ட உறுதி. அன்று டீசலே கசிவின் வழியாக வெளியே தள்ளும். பில்டர் தலை, ஹோஸ் கிளாம்ப் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கை பம்ப் உள்ள வண்டியில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதை அழுத்தினாலும் தெரியும். இரண்டு மூன்று அழுத்தில் கெட்டியாக வேண்டும். பத்துப் பதினைந்து தடவை கொழகொழவென்று போனால் டீசல் இறங்கிவிட்டது.

நான் இதை அறியாமல் சுற்றினேன். ஒருநாள் வெந்நீரில் நனைத்த துணியைப் பில்டர் மேல் சுற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். வண்டி பறந்தது. ஆஹா, மெழுகு என்று முடிவு கட்டிப் பில்டரை மாற்றினேன். மறுநாள் காலை பழைய முனகல். பாட்டிலில் டீசலோ கண்ணாடி மாதிரித் தெளிவு. தெளிந்த டீசலில் மெழுகு எங்கிருந்து வரும் என்று யோசித்தபோதுதான், துணி டீசலை மட்டுமா சூடாக்கியது, அதன் தலையிலிருந்த ரப்பரையும்தானே என்று புரிந்தது. பில்டருக்கும் பம்புக்கும் இடையில் டீசலுக்கான ஒளிபுகும் ஹோஸ் ஒரு முழம் தற்காலிகமாகப் போட்டு மறுநாள் பார்த்தேன். சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழி. ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடி ஒன்றிரண்டு குமிழி வரலாம். நிற்காமல் வரக் கூடாது. கை பம்பின் அடியிலிருந்த ஓ-ரிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தது. அதன் விலையை வெளியில் சொல்லவே வெட்கமாக இருந்தது. மேட்டுப்பாளையத்துக்குப் போய்வந்த டீசல் காசில் ஒரு மாலையே கோத்திருக்கலாம்.

வெந்நீர்த் துணி நல்ல சோதனைதான். ஆனால் பாட்டிலோடு சேர்த்துப் பார்த்தால்தான் பேசும். பாட்டில் கலங்கி, துணியால் சரியானால் மெழுகு. பாட்டில் தெளிந்து, துணியால் சரியானால் ரப்பர். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், ஒயர் இணைப்புகளின் மேல் படவும் வேண்டாம்.

நாசில்களின் தலையிலிருந்து திரும்பிப் போகும் சின்ன ரிட்டர்ன் ஹோஸ்களையும் விட்டுவிடாதீர்கள். நகத்தால் கீறினால் வெடிப்பு தெரியும் அளவுக்குக் காய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சூடே ஏறாத வண்டி

சிலர் வண்டி "நாள் முழுக்கக் காலை மாதிரியே" இருக்கும். இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே ஏறாது. ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், விசிறியில் கை படாமல். முதலில் அது குளிர்ந்தே இருந்து, டேஷ்போர்டின் வெப்பநிலை முள் நடுவுக்குப் பக்கம் வரும்போது சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட்தான். குன்னூர் இறக்கத்தில் கியரில் இறங்கும்போது முள் கொஞ்சம் இறங்குவது சகஜம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ரேடியேட்டர் முன்னால் அட்டை வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அதே அட்டையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பி ஏறி ஹெட் கேஸ்கட்டை எரித்தவர்களும் உண்டு.

சூடேறட்டும் என்று இருபது நிமிடம் நிற்கவைத்து ஓடவிடுவதும் வீண். டீசல் இன்ஜின் ஐட்லிங்கில் சூடாகாது. ஒரு நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடவே கூடாது. ஆயிலைப் பொறுத்தவரை 15டபிள்யூ-40 நம் குளிருக்குத் தாராளம். கம்பெனி சொன்னதை மாற்றி மெல்லிய ஆயில் ஊற்றச் சொல்லும் யோசனைகளைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் கூடுதலாக ஒன்று: டிபிஎஃப், புகையிலுள்ள கரியைப் பிடித்துவைத்துச் சூட்டில் எரிக்கும் வடிகட்டி. உதகை சேரிங் கிராஸிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டினால் இன்ஜின் சூடாவதற்குள் அணைந்துவிடும். கரி எரியாமல் சேர்ந்து, ஒருநாள் விளக்கு எரிந்து, வண்டி தன்னையே கட்டிப்போட்டுக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். இறக்கத்தைவிட ஏற்றத்தில்தான் எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேறும்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டால் இன்டேக்கிலேயே வெடிக்கும். டேங்குக்கு அடியில் தீ மூட்டாதீர்கள். பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் மண்ணெண்ணெய்க் கலப்பு காமன் ரெயில் பம்புக்கு விஷம். டீசலில் இருக்கும் வழுவழுப்பு அதில் இல்லை.

பட்டறைக்குப் போகும்போது

இத்தனைக்கும் பிடிபடவில்லை, அல்லது நாசில், கம்ப்ரஷன் என்று போய்விட்டது என்றால் மெக்கானிக்தான். முடிந்தவரை மலையிலேயே உள்ள பட்டறையாகப் பாருங்கள். "இழுக்கல" என்று மட்டும் சொல்லாமல் நோட்டைக் காட்டுங்கள்: வெளிக்குளிர், எத்தனை நிமிடத்தில் சரியாகிறது, புகையின் நிறம், எந்த சிலிண்டர், முகப்பு எந்தப் பக்கம் நின்றது. ஸ்டார்ட் செய்யும் முதல் நிமிடத்தை வீடியோ எடுத்து வையுங்கள், சத்தத்தோடு.

வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள். "அண்ணா, காலையில நான் வந்தப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னது போதாது. ஒரு அட்டையில் "ஸ்டார்ட் செய்யாதே" என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு, சாவியையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நான் அட்டை மட்டும் கட்டிய அன்று, அடுத்த வண்டிக்கு இடம் வேண்டும் என்று பட்டறைப் பையன் ஆறரை மணிக்கே என் வண்டியை ஸ்டார்ட் செய்து நகர்த்தி, கை காய அதன் பானெட் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.